சராசரி ஊகிப்பு விளையாட்டு

சராசரி ஊகிப்பு விளையாட்டு என்பது, பங்கேற்போர் அனைவரும் தரும் எண்களின் சராசரியில் ஒரு குறிப்பிட்ட பங்குக்கு மிக அருகிலுள்ள எண்ணைத் தேர்ந்தெடுத்தவர் வெற்றி பெறும் விளையாட்டு ஆகும். அந்தப் பங்கு பெரும்பாலும் மூன்றில் இரண்டு என வைக்கப்படுகிறது. ஆட்டக் கோட்பாடு, பொருளியல், உளவியல் ஆகிய துறைகளில் மனிதர்கள் எவ்வாறு முடிவெடுக்கிறார்கள் என்பதை ஆராய இது பரவலாகப் பயன்படுகிறது. இதற்கு அழகுப் போட்டி விளையாட்டு என்ற பெயரும் உண்டு.

இதன் விதிகள் மிக எளியவை. காகிதமும் பேனாவும் இருந்தால் எவரும் விளையாடலாம். ஆனால் இதில் ஊகிக்க வேண்டிய விடை, பூட்டிய பெட்டிக்குள் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்ட ஒன்று அன்று. ஆட்டக்காரர்கள் அனைவரும் தங்கள் ஊகங்களை எழுதி முடித்த பின்னரே அந்த விடை பிறக்கிறது. ஒவ்வோர் ஆட்டக்காரரும் அமைப்பை நோக்குபவராகவும், அதே அமைப்பின் ஓர் உறுப்பாகவும் இருக்கிறார். பங்குச் சந்தை, வங்கிகள், போக்குவரத்து, தேர்தல் கணிப்பு போன்ற பலவற்றிலும் மனிதர்கள் இதே நிலையில்தான் முடிவெடுக்க வேண்டியுள்ளது.

விதிகள்

1. பங்கேற்கும் ஒவ்வொருவரும் 0 முதல் 100 வரையுள்ள எண்களுள் ஒன்றை மற்றவர்களுக்குத் தெரியாமல் எழுதித் தர வேண்டும்.
2. எல்லா எண்களும் கூட்டப்பட்டுச் சராசரி கணக்கிடப்படும்.
3. அந்தச் சராசரியில் மூன்றில் இரண்டு பங்கு இலக்கு எண்ணாகும்.
4. இலக்கு எண்ணுக்கு மிக அருகில் உள்ள எண்ணை எழுதியவர் வெற்றி பெறுவார். ஒன்றுக்கு மேற்பட்டோர் சமமாக அருகில் இருந்தால் பரிசு பகிர்ந்தளிக்கப்படும்.

எடுத்துக்காட்டாக, ஐந்து பேர் 20, 30, 35, 50, 65 ஆகிய எண்களை எழுதியதாகக் கொள்க. கூட்டுத்தொகை 200, சராசரி 40. இலக்கு எண் ஏறத்தாழ 26.67. எனவே 30 என எழுதியவர் வெல்வார். சராசரியான 40-க்கு மிக அருகில் இருந்தவர் 35 என எழுதியவர்தான். ஆனால் வெற்றி அவருக்கு இல்லை. அனைவரும் எங்கே இருப்பார்கள் என்று அறிந்தால் மட்டும் போதாது, அதிலிருந்து ஓர் அடி முன்னால் நிற்கவும் வேண்டும்.

தருக்கம் காட்டும் விடை

எவரேனும் முழுத் தருக்கத்துடன் இந்த ஆட்டத்தை அணுகினால் பின்வருமாறு சிந்திக்கலாம். எல்லோரும் 100 என்றே எழுதினாலும் இலக்கு எண் 66.67-ஐத் தாண்டாது. ஆகவே 66.67-க்கு மேற்பட்ட எண்ணை எழுதுவதில் பொருளில்லை. இதை எல்லோரும் உணர்ந்தால் எவரும் 66.67-க்கு மேல் எழுதமாட்டார்கள். அப்போது இலக்கு எண் 44.44-ஐத் தாண்டாது. அதையும் எல்லோரும் உணர்ந்தால் 29.63, பின்னர் 19.75, பின்னர் 13.17 என மேல்வரம்பு இறங்கிக்கொண்டே போகும். இந்த இறக்கம் 0-இல்தான் நிற்கும்.

எல்லோரும் 0 என எழுதும் நிலையே இவ்வாட்டத்தின் நாஷ் சமநிலை ஆகும். மற்றவர்கள் தத்தம் முடிவில் நிற்கும்போது, தனி ஒருவர் தம் முடிவை மட்டும் மாற்றிக்கொண்டு கூடுதல் பயன் பெற முடியாத நிலையே நாஷ் சமநிலை எனப்படுகிறது. முழு எண்களை மட்டும் எழுதலாம் என்று விதி இருந்தால் எல்லோரும் 1 என எழுதுவதும் ஒரு சமநிலையாகிறது. அப்போது இலக்கு எண் 0.67. அது 0-ஐ விட 1-க்கே அருகில் இருப்பதால் எவருக்கும் 0-க்கு மாறும் தேவை எழாது.

மேற்கண்ட தருக்கத்தில் பிழை ஏதுமில்லை. ஆனால் அது ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது. ஆட்டக்காரர் ஒருவர் தெளிவாகச் சிந்தித்தால் போதாது. மற்றவர்களும் தெளிவாகச் சிந்திக்கிறார்கள் என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும். அவர்களும் தம்மைப் பற்றி அவ்வாறே அறிந்திருக்கிறார்கள் என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டும். இந்தச் சங்கிலி எங்கும் அறுபடாமல் தொடர்ந்தால்தான் விடை 0 ஆகும். தத்துவவியலாளர் டேவிட் லூயிஸ் 1969-இலும், கணிதவியலாளர் ராபர்ட் ஆமன் 1976-இலும் இத்தகைய பகிர்ந்த அறிவைப் பற்றி விரிவாக எழுதினர். ஒரு செய்தியை எல்லோரும் அறிந்திருப்பது ஒன்று. எல்லோரும் அறிந்திருக்கிறார்கள் என்பதை எல்லோரும் அறிந்திருப்பது வேறொன்று.

சோதனைகளில் கண்டவை

பொருளியலாளர் ரோஸ்மேரி நாகல் 1995-இல் அமெரிக்கன் எகனாமிக் ரிவியூ இதழில் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிப்படையானதாகக் கருதப்படுகிறது. முதல் முறை விளையாடியவர்களின் சராசரி ஏறத்தாழ 37 ஆக இருந்தது. ஒருவர்கூட 0 என எழுதவில்லை. பங்கு மூன்றில் இரண்டுக்குப் பதிலாகப் பாதி என வைக்கப்பட்டபோது சராசரி ஏறத்தாழ 27-க்குக் குறைந்தது. அதே குழுவினர் முடிவுகளைப் பார்த்துவிட்டு மீண்டும் மீண்டும் விளையாடியபோது எண்கள் சுற்றுக்குச் சுற்று 0-ஐ நோக்கி இறங்கின.

1997-இல் பொருளியலாளர் ரிச்சர்ட் தேலர், பைனான்சியல் டைம்ஸ் நாளிதழின் வாசகர்களிடையே இப்போட்டியை நடத்தினார். முழு எண்கள் மட்டுமே அனுமதிக்கப்பட்டன. சராசரி 18.91 என வந்தது. அதனால் 13 என எழுதியவர்கள் வென்றனர். வந்த விடைகளில் 33, 22, 1, 0 ஆகியவை மிகுதியாக இருந்தன. 2005-இல் டென்மார்க்கின் பொலிட்டிகன் நாளிதழ் நடத்திய போட்டியில் 19,196 பேர் பங்கேற்றனர். அங்கு வெற்றி எண் 21.6.

மூன்று முடிவுகளிலும் வெற்றி எண் வேறுவேறாக உள்ளது. விதி ஒன்றே, தருக்கமும் ஒன்றே. மாறியது ஆட்டக்காரர்களின் கூட்டம் மட்டுமே. நிதி இதழின் வாசகர்கள் கூடுதலாக இரண்டொரு படி சிந்தித்தனர். ஆகவே "சரியான விடை எது?" என்ற கேள்விக்கு, "யாருடன் விளையாடுகிறோம்?" என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டு விடை கூற முடியாது. பைனான்சியல் டைம்ஸ் போட்டியில் 0 என எழுதியவர்கள் கணிதத்தில் தவறவில்லை. மற்றவர்களும் தம்மைப் போலவே கடைசி வரை சிந்தித்திருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டதில்தான் தவறினர்.

சிந்தனைப் படிகள்

33, 22 ஆகிய எண்கள் அடிக்கடி தோன்றுவதற்கு ஒரு காரணம் உண்டு. எதையும் ஆராயாமல் எண்களை எழுதுவோரின் சராசரி 50 என வைத்துக்கொண்டால், அவர்களைப் பற்றி எண்ணிப் பார்ப்பவர் 33 என எழுதுவார். "மற்றவர்கள் 33 என எழுதுவார்கள்" என எண்ணுபவர் 22 என எழுதுவார். அதற்கும் அடுத்தவர் 15-ஐ ஒட்டி எழுதுவார். இவை முறையே முதற்படி, இரண்டாம்படி, மூன்றாம்படிச் சிந்தனை எனப்படுகின்றன. இத்தகைய படிநிலை விளக்கத்தை டேல் ஸ்டால், பால் வில்சன் ஆகியோரும் நாகலும் 1990-களில் உருவாக்கினர்.

கொலின் கேமரர், டெக்-ஹுவா ஹோ, ஜுவின்-குவான் சோங் ஆகியோர் 2004-இல் இதனை மேலும் வளர்த்தனர். ஒவ்வோர் ஆட்டக்காரரும் தமக்குக் கீழுள்ள எல்லாப் படிகளிலும் ஆட்கள் கலந்து இருப்பார்கள் என எதிர்பார்ப்பதாக அவர்களின் மாதிரி கொள்கிறது. பல வகை விளையாட்டுகளின் தரவுகளுக்கு, சராசரியாக ஒன்றரைப் படி என்ற அளவு பொருந்துவதாக அவர்கள் காட்டினர்.

இரண்டாம்படியில் நிற்பவரை அறிவு குறைந்தவர் என்று கொள்ளக் கூடாது. எல்லோரும் முதற்படியில் நிற்கும் கூட்டத்தில் இரண்டாம்படியே வெற்றிப்படி. பத்தாம்படி வரை செல்பவர் ஒன்றுக்கும் குறைவான எண்ணில் போய் நின்று தோற்றுவிடுவார். பிறரை விட மிகக் குறைவாகச் சிந்திப்பதும் இழப்பு, மிக அதிகமாகச் சிந்திப்பதும் இழப்பு.

ஆட்டக்காரரின் சொந்த எண்

ஆட்டக்காரர் அமைப்புக்கு வெளியே இல்லை என்பதைக் கணக்காகவே காட்டலாம். மற்றவர்களின் சராசரி 50 ஆக இருக்கும் என ஒருவர் உறுதியாக நம்புவதாகக் கொள்க. அவர் 50-இல் மூன்றில் இரண்டு பங்கான 33.33 என எழுதினால் இலக்கைச் சரியாகத் தொடுவாரா? தொடமாட்டார். அவர் எழுதும் எண்ணும் சராசரியில் சேர்ந்து அதைச் சற்றுக் கீழே இழுக்கிறது. தம் எண்ணின் விளைவையும் சேர்த்துக் கணக்கிட்டால், அவர் எழுத வேண்டிய எண் ஆட்டக்காரர்களின் எண்ணிக்கையைப் பொறுத்து இவ்வாறு மாறும்:

- மொத்தம் 3 பேர்: 28.57
- மொத்தம் 10 பேர்: 32.14
- மொத்தம் 100 பேர்: 33.22

பத்துப் பேர் ஆட்டத்தைச் சரிபார்க்கலாம். மற்ற ஒன்பது பேரின் கூட்டுத்தொகை 450. அதனுடன் 32.14 சேர்ந்தால் 482.14. சராசரி 48.21. அதில் மூன்றில் இரண்டு பங்கு 32.14. கூட்டம் பெருகப் பெருகத் தனி ஒருவரின் இழுப்பு குறைகிறது, ஆனால் முற்றாக மறைவதில்லை.

இரண்டே பேர் விளையாடும்போது இது உச்சத்தை அடைகிறது. இருவரின் சராசரி இரு எண்களுக்கும் நடுவில் இருக்கும். அதில் மூன்றில் இரண்டு பங்கு எப்போதும் அந்த நடுப்புள்ளிக்குக் கீழே விழும். எனவே சிறிய எண்ணை எழுதியவரே எப்போதும் வெல்வார். எதிராளி என்ன நினைக்கிறார் என்று ஆராயத் தேவையே இல்லை, 0 என எழுதுபவர் தோற்க முடியாது. ஆயினும் பிரிட் கிராஸ்கோப், நாகல் ஆகியோர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், இருவர் ஆட்டத்திலும் பெரும்பாலோர் 0 என எழுதவில்லை எனக் கண்டறிந்தனர். எதிராளியின் மனத்தை ஊகிப்பதிலேயே கவனம் சென்றதால், தம் எண்ணும் சராசரியில் பாதி இடம் பிடிக்கிறது என்பதை அவர்கள் கணக்கில் கொள்ளவில்லை எனலாம்.

ஆக, இவ்வாட்டத்தில் ஆட்டக்காரர் மூன்று வழிகளில் அமைப்புக்குள் இருக்கிறார். முதலாவது, அவருடைய எண் சராசரியை நகர்த்துகிறது. இரண்டாவது, மற்றவர்கள் ஊகிக்க முயலும் பொருள்களுள் அவருடைய மனமும் ஒன்று. மூன்றாவது, ஆட்டத்தைப் பற்றிய அறிவே ஆட்டத்தை மாற்றிவிடுகிறது. இவ்வாட்டத்தின் விளக்கத்தைப் படித்த ஒரு குழுவும் படிக்காத ஒரு குழுவும் ஒரே ஆட்டத்தை விளையாடுவதில்லை.

வரலாறு

ஒருவரையொருவர் ஊகித்து முடிவெடுக்கும் சிக்கலைப் பொருளியலாளர் ஆஸ்கர் மார்கன்ஸ்டர்ன் 1928-இல் எழுதிய நூலிலேயே எடுத்துக்காட்டினார். அதற்கு அவர் ஆர்தர் கோனன் டாயிலின் துப்பறியும் கதை ஒன்றைப் பயன்படுத்தினார். ஷெர்லாக் ஹோம்ஸ் லண்டனிலிருந்து டோவர் துறைமுகத்துக்கு ரயிலில் புறப்படுகிறார். பகைவர் மோரியார்ட்டி பின்தொடர்கிறார். ஹோம்ஸ் டோவர் வரை செல்லலாம், அல்லது இடையில் கேன்டர்பரியில் இறங்கிவிடலாம். மோரியார்ட்டி எதை எதிர்பார்ப்பார் என்று ஹோம்ஸ் எண்ண, ஹோம்ஸ் எண்ணுவதை மோரியார்ட்டி எண்ண, முடிவில்லாமல் போகிறது.

மார்கன்ஸ்டர்னும் கணிதவியலாளர் ஜான் வான் நியூமனும் இணைந்து 1944-இல் வெளியிட்ட நூல் இதற்கு ஒரு தீர்வு தந்தது. எந்த முடிவையும் உறுதியாகப் பற்றாமல், குறிப்பிட்ட நிகழ்தகவுடன் தற்செயலாகத் தேர்ந்தெடுப்பதே அத்தீர்வு. அவர்கள் வைத்த மதிப்புகளின்படி ஹோம்ஸ் 60 விழுக்காடு நிகழ்தகவுடன் கேன்டர்பரியில் இறங்க வேண்டும். மோரியார்ட்டி 60 விழுக்காடு நிகழ்தகவுடன் டோவர் செல்ல வேண்டும். தம் முடிவைத் தாமே முன்கூட்டி அறியாதவரை எதிராளியாலும் ஊகிக்க முடியாது.

1936-இல் ஜான் மேனார்ட் கீன்ஸ் தம் பொதுக் கோட்பாடு நூலின் 12-ஆம் இயலில் பங்குச் சந்தையை ஒரு நாளிதழ்ப் போட்டியுடன் ஒப்பிட்டார். நூறு ஒளிப்படங்களிலிருந்து மிக அழகிய ஆறு முகங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். போட்டியாளர் அனைவரின் சராசரி விருப்பத்துக்கு மிக நெருங்கி வரும் தேர்வுக்கே பரிசு. இதில் தமக்கு எது அழகு என்று பார்ப்பதால் பயனில்லை. எது அழகு என்று பிறர் கருதுவார்கள் என்பதையும், பிறர் அதை எவ்வாறு ஊகிப்பார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அழகுப் போட்டி என்ற பெயர் இதிலிருந்தே வந்தது.

எண்களை வைத்து விளையாடும் வடிவம் 1981-இல் பிரெஞ்சு விளையாட்டு இதழ் ஒன்றில் வந்தது. அதன் ஆசிரியர் அலன் லெதூ, முந்தைய போட்டியில் சமமான புள்ளிகள் பெற்ற வாசகர்களிலிருந்து வெற்றியாளரைப் பிரித்தெடுக்க இதைப் பயன்படுத்தினார். 1 முதல் நூறு கோடி வரையுள்ள எண்களில் ஒன்றை அவர்கள் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

பங்கு மாறும்போது

சராசரியில் எத்தனை பங்கு என்பதை மாற்றினால் ஆட்டத்தின் இயல்பும் மாறுகிறது. பங்கு ஒன்றுக்குக் குறைவாக இருந்தால் சமநிலை 0. ஒன்றுக்கு மேல், எடுத்துக்காட்டாக மூன்றில் நான்கு என வைத்தால் மீண்டும் விளையாடும்போது எண்கள் 100-ஐ நோக்கி ஏறுகின்றன.

பங்கு சரியாக ஒன்று என வைத்தால் ஆட்டம் முற்றிலும் வேறாகிவிடுகிறது. அப்போது சராசரியே இலக்கு. எல்லோரும் எந்த ஓர் எண்ணில் ஒன்றுகூடினாலும் அது சமநிலைதான். 7-உம் சரி, 82-உம் சரி. எந்த எண் சிறந்தது என்பதற்குத் தருக்கத்தில் விடை இல்லை, பழக்கத்தில்தான் உண்டு. சாலையின் எந்தப் பக்கம் வண்டி ஓட்டுவது என்பது இத்தகையது. சுவீடன் 1967 செப்டம்பர் 3 அன்று இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. நாடு முழுவதும் ஒரே நேரத்தில் மாற்றியதன் காரணம் வெளிப்படை. தனியாக மாறுபவர் எதிரே வரும் வண்டியில் மோதுவார்.

எதிர்த்திசை ஆட்டம்: எல் ஃபரோல் சிக்கல்

சராசரி ஊகிப்பு விளையாட்டில் ஆட்டக்காரர்கள் ஒருவர் சிந்தனையை மற்றவர் நெருங்க முயல்கிறார்கள். விலகி நிற்பவர் வெல்லும் ஆட்டங்களும் உண்டு. பொருளியலாளர் பிரையன் ஆர்தர் 1994-இல் முன்வைத்த எல் ஃபரோல் சிக்கல் அவற்றுள் புகழ்பெற்றது. எல் ஃபரோல் என்பது அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்திலுள்ள சாந்தா ஃபே நகரின் மதுக்கூடம். வியாழக்கிழமை மாலைகளில் அங்கு இசை நிகழ்ச்சி நடைபெற்று வந்தது.

ஆர்தரின் கணக்கில் 100 பேர் உள்ளனர். 60 பேருக்கும் குறைவாக வந்தால் மாலைப்பொழுது இனிமையாக இருக்கும். கூடுதலானால் நெரிசலில் வீட்டிலேயே இருந்திருக்கலாம் என்றாகிவிடும். யாரும் யாருடனும் கலந்து பேசுவதில்லை. முந்தைய வாரங்களின் வருகை எண்ணிக்கை மட்டும் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் ஒரே முறையில் கணித்து, "கூட்டம் குறைவு" என்ற முடிவுக்கு வந்தால் 100 பேரும் வந்துவிடுவார்கள், கணிப்பு பொய்க்கும். "கூட்டம் மிகுதி" என்று கணித்தால் ஒருவரும் வரமாட்டார்கள், அதுவும் பொய்க்கும். எல்லோரும் ஏற்கும் எந்தக் கணிப்பும் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது.

ஆர்தர் கணினியில் ஆட்டக்காரர்களுக்கு வேறுவேறு கணிப்பு விதிகளைக் கொடுத்தார். பலன் தந்த விதியைத் தொடரவும், தராததைக் கைவிடவும் அவர்களுக்கு இடமிருந்தது. வருகை ஏறி இறங்கினாலும் சராசரி 60-ஐ ஒட்டியே அமைந்தது. எந்த ஒரு விதியும் நிலையாக வெல்லவில்லை. கருத்து வேறுபாடே அந்த அமைப்பை நிலைநிறுத்தியது. இதைப் பின்பற்றி டேமியன் சாலே, யி-செங் சாங் ஆகியோர் 1997-இல் சிறுபான்மை விளையாட்டு என்னும் மாதிரியை உருவாக்கினர். அதில் இரு பக்கங்களில் எது குறைவான ஆட்களைக் கொண்டதோ அதுவே வெற்றிப் பக்கம்.

கணிப்பு என்னும் செயல்

கிரகணம் எப்போது நிகழும் என்று வானியலாளர் அறிவிப்பதால் நிலவின் பாதை மாறுவதில்லை. ஆனால் ஒரு சாலையில் நெரிசல் இல்லை என்று ஒரு செயலி அறிவித்தால் வண்டிகள் அங்கே திரும்புகின்றன. மனிதர்களைப் பற்றி மனிதர்களிடம் கூறப்படும் கணிப்பு, பேச்சு மட்டுமன்று, ஒரு செயலும் ஆகும்.

அப்படியானால் வெளிப்படையாக அறிவிக்கப்படும் கணிப்பு எதுவும் சரியாக இருக்க முடியாதா? 1954-இல் எமில் குருன்பர்க், பிராங்கோ மொடிக்லியானி ஆகியோரும், தனியாக ஹெர்பர்ட் சைமனும் இக்கேள்வியை ஆராய்ந்தனர். சில நிபந்தனைகளின் கீழ், மக்களின் எதிர்வினையையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு, அறிவித்த பின்னும் மெய்யாகும் கணிப்பு ஒன்றைக் கண்டறிய முடியும் என அவர்கள் காட்டினர். எல் ஃபரோலுக்கு 90 பேர் வருவார்கள் என அறிவித்தால் மிகச் சிலரே வருவர். 20 பேர் என அறிவித்தால் பலர் திரண்டு வருவர். அறிவிப்பு மாற மாற வருகையும் படிப்படியாக மாறுமானால், அறிவித்த எண்ணும் வந்த எண்ணும் ஒன்றாகும் புள்ளி இடையில் எங்கேனும் இருந்தாக வேண்டும். எதிர்வினை திடீரெனத் தாவினால் அப்படி ஒரு புள்ளி கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

நடைமுறையில்

வங்கிகள்: சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1948-இல், தன்னைத்தானே நிறைவேற்றிக்கொள்ளும் கணிப்பு என்னும் கருத்தை விளக்க ஒரு கற்பனை வங்கியை எடுத்துக்காட்டினார். நல்ல நிலையில் உள்ள வங்கி நொடிக்கப்போகிறது என்ற வதந்தி பரவுகிறது. எல்லோரும் பணத்தை எடுக்க ஓடுகிறார்கள். அதனாலேயே வங்கி நொடிக்கிறது. டக்ளஸ் டயமண்ட், பிலிப் டிப்விக் ஆகியோர் 1983-இல் இதை ஓர் ஆட்டமாக வடித்தனர். வங்கி வைப்புத் தொகையின் பெரும்பகுதியை நீண்டகாலக் கடனாகக் கொடுத்திருக்கும். எல்லோரும் பொறுமையாக இருப்பது ஒரு சமநிலை. எல்லோரும் ஒரே நாளில் ஓடுவது இன்னொரு சமநிலை. வங்கி நல்லது என்று அறிந்த வைப்பாளரும், மற்றவர்கள் ஓடுவார்கள் என நம்பினால் ஓடுவதே அவருக்குப் பாதுகாப்பு. இவ்விருவரும் 2022-ஆம் ஆண்டுக்கான பொருளியல் நோபல் பரிசை பென் பெர்னான்கியுடன் பகிர்ந்துகொண்டனர்.

2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கி மத்திய வங்கியின் அவசர உதவியை நாடியதாகச் செய்தி வெளியானது. மறுநாளே கிளைகளின் வாசலில் நீண்ட வரிசைகள் தோன்றின. வைப்புகளுக்கு அரசு உறுதியளித்த பின்னரே வரிசைகள் கலைந்தன. 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் ஏறத்தாழ 4,200 கோடி டாலர் எடுக்கப்பட்டது. மறுநாள் வங்கி மூடப்பட்டது. இம்முறை பெரும்பாலோர் வரிசையில் நிற்கவே இல்லை, கைப்பேசியும் கணினியும் போதுமானவையாக இருந்தன. மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கும் வேகம் கூடியபோது ஆட்டமும் விரைவாக முடிந்துவிட்டது.

வைப்புக் காப்பீடு இந்த ஆட்டத்தின் விதியை மாற்றுகிறது. இந்தியாவில் இது 1962-இல் தொடங்கியது. 2020 பிப்ரவரி முதல் ஒரு வங்கியில் ஒரு வைப்பாளருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. இதன் பயன் வங்கி நொடித்த பிறகு இழப்பீடு தருவது மட்டுமன்று. மற்றவர்கள் ஓடினாலும் தம் பணம் பத்திரம் என்று அறிந்தவர் மற்றவர்களைப் பார்த்து ஓட வேண்டியதில்லை. ஓடுபவர் குறைவதால் நொடிப்பும் குறைகிறது.

பங்குச் சந்தை: ஒரு பங்கின் விலை மிகையானது என்று சரியாகக் கணித்தவரும் நட்டமடையலாம். ஜூலியன் ராபர்ட்சனின் டைகர் மேனேஜ்மெண்ட் நிறுவனம் 1990-களின் இறுதியில் தொழில்நுட்பப் பங்குகளின் விலை அளவுமீறியது எனக் கருதி அவற்றைப் பெரிதும் தவிர்த்தது. விலைகள் தொடர்ந்து ஏறின. முதலீட்டாளர்கள் அந்நிறுவனத்திலிருந்து பணத்தைத் திரும்பப் பெற்றனர். 2000 மார்ச் இறுதியில் தம் நிதிகளை மூடுவதாக ராபர்ட்சன் அறிவித்தார். நாஸ்டாக் குறியீடு அதே மாதம் 10-ஆம் நாள் உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்கத் தொடங்கியிருந்தது. 2002 அக்டோபருக்குள் அது நான்கில் மூன்று பங்குக்கும் மேல் வீழ்ந்தது. சராசரி ஊகிப்பு விளையாட்டில் முதல் சுற்றிலேயே 0 என எழுதியவரின் நிலை இது. ஆட்டம் எங்கே போய் முடியும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மற்றவர்கள் அங்கு வந்து சேர எத்தனை சுற்றுகள் ஆகும் என்பது தெரியவில்லை.

முடிவெடுப்பவருக்கான கேள்விகள்

இவ்வாட்டத்தின் ஆய்வுகளிலிருந்து, பிறரைச் சார்ந்த முடிவுகளை எடுக்கும்போது எழுப்பத்தக்க நான்கு கேள்விகளைத் தொகுக்கலாம்.

- கணிக்கப்படும் பொருள், கணிப்பவரைப் பொருட்படுத்தாத மழை போன்றதா, கணிப்புகளாலேயே உருவாகும் விலை போன்றதா?
- மற்றவர்களுடன் ஒன்றுசேர்பவர் வெல்லும் ஆட்டமா, அவர்களிடமிருந்து விலகுபவர் வெல்லும் ஆட்டமா?
- மற்றவர்கள் எத்தனை படிகள் சிந்திக்கக்கூடும்? இது அவர்கள் முதல் முறை விளையாடுபவர்களா, பழகியவர்களா என்பதைப் பொறுத்தது.
- தம் சொந்தச் செயல் முடிவை எவ்வளவு நகர்த்தும்? குழு சிறிதானால் இந்தக் கேள்வி மேலும் முக்கியமாகிறது.

வரம்புகள்

இவ்வாட்டத்தின் முடிவுகளை வாழ்க்கைக்கு அப்படியே பொருத்துவதில் சிக்கல்கள் உண்டு. 50 என்ற தொடக்கப் புள்ளி ஆய்வாளர்கள் வைத்துக்கொண்ட ஒன்று. எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள் என்று கூற முடியாது. ஒருவர் 22 என எழுதினார் என்பதைக் கொண்டு அவர் உண்மையில் இரண்டு படிகள் சிந்தித்தார் என்று உறுதிசெய்ய இயலாது, அது தற்செயலாகவும் அமையலாம். குறைவான படி என்பது சிந்திக்கும் திறனின் வரம்பாக இருக்கலாம், அல்லது பிறர் அதற்கு மேல் சிந்திக்கமாட்டார்கள் என்ற சரியான மதிப்பீடாகவும் இருக்கலாம். எழுதித் தந்த எண்ணை மட்டும் பார்த்து இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது.

வகுப்பறையில் நடத்தும் முறை

பள்ளி, கல்லூரிகளில் சராசரி, நிகழ்தகவு, ஆட்டக் கோட்பாடு ஆகியவற்றைக் கற்பிக்க இவ்விளையாட்டு எளிதில் பயன்படும். விதிகளை மட்டும் கூறி, விளக்கம் தராமல் முதல் சுற்றை நடத்த வேண்டும். எழுதிய எண்ணுடன் அதைத் தேர்ந்தெடுத்த காரணத்தையும் ஒரு வரியில் எழுதச் செய்வது நல்லது. முடிவுகளைக் கரும்பலகையில் எழுதிய பின் இரண்டாம், மூன்றாம் சுற்றுகளை நடத்தினால் எண்கள் இறங்குவதை மாணவர்கள் நேரில் காணலாம். இறுதிச் சுற்றுக்கு முன், இவ்வாட்டத்தை அறியாத சிலரைப் புதிதாகச் சேர்த்துக்கொள்ளலாம். அவர்கள் எத்தனை பேர் என்பதை மட்டும் மாணவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். 0-ஐ நெருங்கிவிட்ட பழைய ஆட்டக்காரர்கள், புதியவர்களுக்காகத் தம் எண்ணை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று மறுபடியும் கணக்கிட வேண்டிவரும்.